ராஜாவுக்கு வயது 13 மாதம்: ரீஜென்ட் என்பவர் யார்?

ராஜா போய்விட்டார். அடுத்த ராஜாவுக்கு இன்னும் நடக்கவே வரவில்லை. சட்டப்படி பார்த்தால் நாட்டுக்கு ராஜா இருக்கிறார். ஆனால் வரி வசூலிக்க உத்தரவு போடுவது யார்? படையை அனுப்புவது யார்? பிடிபட்டவனைத் தூக்கில் போடுவதா, மன்னித்து அனுப்புவதா என்று முடிவெடுப்பது யார்? ராஜாவுக்கு உரிய வயது வரும்வரை அவர் பெயரால் இதையெல்லாம் செய்ய அமர்த்தப்படுபவர்தான் ரீஜென்ட்.

இந்தப் பதவியைப் பற்றிப் படிக்க ஸ்காட்லாந்தைவிட வசதியான நாடு கிடைக்காது. 1406 முதல் 1567 வரை அங்கே அரியணைக்கு வந்த ஏழு பேரில் ஒருவர்கூட வயது வந்தவர் இல்லை. ஏழு பேரில் மூத்தவர் நான்காம் ஜேம்ஸ். அவருக்கே 15 வயதுதான். ஐந்தாம் ஜேம்ஸுக்கு 17 மாதம். அவர் மகள் மேரிக்கு ஆறே நாள். மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸுக்கு 13 மாதம். அப்பாக்கள் போர்க்களத்தில் விழுந்தார்கள், கொலையுண்டார்கள். இரண்டாம் ஜேம்ஸ் தன் பக்கத்துப் பீரங்கியே வெடித்துச் செத்தார். இப்படிப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வந்து முடி சூட்டவேண்டியிருந்தது.

அந்த ரீஜென்ட்களில் கடைசியானவர் ஜேம்ஸ் டக்ளஸ், மார்ட்டனின் நான்காவது ஏர்ல். ஏர்ல் என்பது பிரபுக்களின் பட்டங்களில் ஒன்று; பட்டத்தில் உள்ள இடப்பெயராலேயே ஆளையும் அழைப்பார்கள். பெரிய நிலமும், கூப்பிட்ட குரலுக்கு ஆயுதத்தோடு வரும் உறவினர் கூட்டமும் அதோடு சேர்ந்தே வரும். மார்ட்டனின் வாழ்க்கையைச் சொன்னால் ரீஜென்ட் பதவி எப்படி இயங்கியது, எந்த இடத்தில் உடைந்தது என்று இரண்டுமே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து ஆறாம் ஜேம்ஸின் நான்கு ரீஜென்ட்களில் வேலையை நன்றாகச் செய்தவர் இவர்தான். கடைசியில் தலை வெட்டப்பட்டவரும் இவர் ஒருவர்தான்.

சிறுவன் வளர்ந்துவிடுவான் என்ற பாடம் மார்ட்டனுக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது. அவர் 1516 வாக்கில் பிறந்தவர். அவருடைய பெரியப்பா ஆர்ச்சிபால்ட் டக்ளஸ், ஆங்கஸ் ஏர்ல், சிறுவன் ஐந்தாம் ஜேம்ஸைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நாட்டை ஆட்டிவைத்தார். 1528-இல் பையன் தப்பி ஓடினான். ஓடியவன் அதை மறக்கவே இல்லை. டக்ளஸ் குடும்பத்தின் நிலங்கள் பறிபோயின. ஆண்கள் இங்கிலாந்துக்கு ஓடினார்கள். மார்ட்டனின் அத்தை ஜேனட் டக்ளஸ் 1537-இல் எடின்பரோவில் உயிரோடு எரிக்கப்பட்டார். ராஜா 1542-இல் இறந்த பிறகுதான் குடும்பம் தலைதூக்கியது.

அப்புறம் மார்ட்டனுக்குத் திருமணம் கைகொடுத்தது. மனைவி எலிசபெத், மார்ட்டனின் மூன்றாவது ஏர்லின் மகள். மாமனாருக்கு மகன் இல்லை. பட்டமும் எடின்பரோவுக்குப் பக்கத்தில் இருந்த டால்கீத் கோட்டையும் மருமகனுக்கு வந்தன. அந்த மனைவி பின்னாளில் மனநலம் குன்றிப்போனார். சட்டப்படியான ஆண் வாரிசு மார்ட்டனுக்குக் கடைசிவரை இல்லை.

1557-இல் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தப் பத்திரத்தில் மார்ட்டனின் பெயர் இருக்கிறது. இந்த மாதிரிப் பத்திரங்கள் அந்த நாட்டு அரசியலின் விசேஷம். இன்னாருக்கு இன்னார் துணை நிற்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கொலை செய்யக்கூடப் பத்திரம் எழுதினார்கள். 1563-இல் ராணி மேரி அவரைச் சான்சலர் ஆக்கினார். நாட்டின் முத்திரையைக் காக்கும் மிக உயர்ந்த சட்டப் பதவி அது.

அந்தச் சட்டக் காவலர் 1566 மார்ச் 9-ஆம் தேதி இரவு என்ன செய்தார் தெரியுமா? ஹோலிரூட் அரண்மனையில் ஒரு சின்ன அறையில் ராணி இரவுச் சாப்பாட்டில் இருந்தார். ஆறு மாதக் கர்ப்பிணி. கூடவே அவருடைய செயலாளர் டேவிட் ரிச்சியோ என்ற இத்தாலியர். ராணியின் கணவர் டார்ன்லிக்கு ரிச்சியோமேல் பொறாமை. பிரபுக்களுக்கு வேறு கணக்குகள். கொலைக்குப் பத்திரம் தயாராகி, டார்ன்லியே கையெழுத்தும் போட்டிருந்தார். மார்ட்டன் தன் ஆட்களோடு அரண்மனை வாசல்களை அடைத்துக்கொள்ள, ரத்வன் பிரபு அறைக்குள் நுழைந்தார். ரிச்சியோ ராணியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறினார். இழுத்துப்போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட குத்துகள். டார்ன்லியின் குத்துவாளை உடம்பிலேயே விட்டுவைத்தார்கள், அவரும் உடந்தை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

அன்று மேரியின் வயிற்றில் இருந்த குழந்தையின் பெயரால்தான் மார்ட்டன் பிறகு நாட்டை ஆளப்போகிறார்.

டார்ன்லி அடுத்த நாளே ராணியிடம் சரணடைந்து கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தார். மார்ட்டன் இங்கிலாந்துக்கு ஓடி, அந்த வருடக் கடைசியில் மன்னிப்புப் பெற்று, 1567 ஜனவரியில் திரும்பினார். வந்ததும் விட்டிங்கம் என்ற ஊரில் பாத்வெல் ஏர்லும் ராணியின் அமைச்சர் மெய்ட்லண்டும் அவரைப் பார்க்க வந்தார்கள். டார்ன்லியைத் தீர்த்துவிடலாம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். மார்ட்டன் ராணியின் கையெழுத்தோடு உத்தரவு கொண்டுவந்தால் யோசிக்கிறேன் என்றார். உத்தரவு வரவில்லை, அவரும் சேரவில்லை. ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கவும் இல்லை. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10 அதிகாலையில், டார்ன்லி தங்கியிருந்த எடின்பரோவின் கர்க் ஓ ஃபீல்ட் வீடு வெடிமருந்தில் தகர்ந்தது. டார்ன்லியின் உடல் தோட்டத்தில் கிடந்தது. மூன்று மாதத்தில், கொலைகாரன் என்று ஊரே கைகாட்டிய பாத்வெல்லை மேரி மணந்துகொண்டார். பிரபுக்கள் படை திரட்டி மேரியைப் பிடித்து லாக்லெவன் ஏரிக் கோட்டையில் அடைத்து, ஜூலை 24-ஆம் தேதி முடி துறக்கும் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து நாள் கழித்து ஸ்டர்லிங்கில் 13 மாதக் குழந்தைக்கு முடிசூட்டு விழா. ராஜா எடுக்கவேண்டிய உறுதிமொழியைக் குழந்தையால் சொல்ல முடியாதே. அதன் சார்பில் சொன்னவர் மார்ட்டன்.

சரி, ரீஜென்ட்டை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பழைய வழக்கம் எளிது: குழந்தைக்கு அடுத்து அரியணைக்கு உரிமையுள்ள வயது வந்த உறவினர்தான் ரீஜென்ட். மேரி குழந்தையாக இருந்தபோது ஹாமில்டன் குடும்பத்தின் தலைவருக்கு அப்படித்தான் கிடைத்தது. 1567-இலும் வழக்கப்படி போனால் அவருக்கே போயிருக்கவேண்டும். ஆனால் மேரியை இறக்கியவர்கள் தங்கள் ஆளான மரே ஏர்லை உட்காரவைத்தார்கள். அவர் மேரிக்கு அப்பா வழியில் மட்டும் அண்ணன். ஐந்தாம் ஜேம்ஸுக்கு மணத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அரியணை உரிமை கிடையாது. இது ஹாமில்டன்களை நேராக மேரியின் பக்கம் தள்ளியது. ஆறு வருட உள்நாட்டுச் சண்டை வந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். மதச் சண்டை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதிக் கதைதான்.

முதல் மூன்று ரீஜென்ட்களின் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், அவர்களே வேகமாகப் போய்விட்டார்கள். மரே 1570 ஜனவரி 23-ஆம் தேதி லின்லித்கோ தெருவில் குதிரையில் போகும்போது, ஹாமில்டன் ஒருவன் ஜன்னலில் இருந்து துப்பாக்கியால் சுட்டான். அடுத்து வந்தவர் லெனக்ஸ் ஏர்ல், டார்ன்லியின் அப்பா, குழந்தை ராஜாவுக்குத் தாத்தா. 1571 ஆகஸ்டில் ஸ்டர்லிங்கில் கூடிய பாராளுமன்றத்துக்கு ஐந்து வயது ஜேம்ஸைத் தூக்கி வந்து உட்காரவைத்தார்கள். பையன் மேலே பார்த்துவிட்டு, இந்தப் பாராளுமன்றத்தில் ஓட்டை இருக்கிறது என்றானாம். கூரையில் ஓடு விலகியிருந்ததைச் சொன்னான் என்பார்கள். ஒரு வாரத்தில் எதிர்த் தரப்பு ஸ்டர்லிங்குக்குள் புகுந்து லெனக்ஸைக் கொன்றபோது ஊர் அந்த வார்த்தையைச் சகுனமாக்கிவிட்டது. மூன்றாவது, மார் ஏர்ல். 13 மாதத்தில் நோயில் இறந்தார்.

1572 நவம்பர் 24-ஆம் தேதி மார்ட்டன் ரீஜென்ட் ஆனார். மதச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் இறந்ததும் அதே நாளில்தான். நாக்ஸின் புதைகுழி அருகே, மனிதன் முகத்துக்கு அஞ்சாத ஒருவர் இங்கே கிடக்கிறார் என்று மார்ட்டன் சொன்னதாகப் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது.

முன்னவர்கள் மூவரும் சேர்ந்து ஐந்து வருடம். மார்ட்டன் தனியாக ஐந்து வருடத்துக்கும் மேல். முதலில் அவர் சண்டையை முடித்தார். 1573 பிப்ரவரியில் பெர்த் நகரில் ஹாமில்டன்களோடும் ஹண்ட்லி ஏர்லோடும் சமாதானம். அந்தச் சமாதானத்தை ஏற்காதவர்கள் எடின்பரோ கோட்டைக்குள் இருந்தார்கள். கர்க்கோடி என்ற தளபதியும், விட்டிங்கமில் மார்ட்டனைச் சந்தித்த அதே மெய்ட்லண்டும். மார்ட்டன் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்திடம் பீரங்கிகள் கேட்டு வாங்கினார். மே மாதக் குண்டுவீச்சில் கோட்டையின் பழைய டேவிட் கோபுரம் சரிந்து கிணற்று வழியையும் அடைத்தது. தண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள். கர்க்கோடியைத் தூக்கில் போட்டார்கள். மெய்ட்லண்ட் சிறையிலேயே இறந்தார். இன்றைக்கு எடின்பரோ கோட்டைக்குப் போகிறவர்கள் ஏறும்போதே கண்ணில் படுகிற அரைவட்டப் பீரங்கி மேடை, அந்த இடிபாட்டின்மேல் மார்ட்டன் கட்டத் தொடங்கியது.

அடுத்து எல்லைப்புறம். இங்கிலாந்து எல்லையில் மாடு திருடுவதும் ஊர் கொளுத்துவதும் குலத்தொழில் மாதிரி நடந்தது. மார்ட்டன் நேரில் போய் நீதிமன்றம் கூட்டினார், பிணையாட்களைப் பிடித்து வைத்தார், அபராதம் போட்டார். நாடு அடங்கியது. கூடவே, ரீஜென்ட்டுக்குப் பேராசை என்ற பேச்சும் வளர்ந்தது. அது வெறும் வம்பு இல்லை. டால்கீத் மாளிகைக்குச் சிங்கத்தின் குகை என்று மக்கள் பெயர் வைத்திருந்தார்கள்; பீபிள்ஸ் பகுதியில் டிராக்கில் என்ற புதுக் கோட்டை வேறு எழும்பிக்கொண்டிருந்தது.

தேவாலயத்தோடு அவருக்கு இருந்த தகராறு தனிக் கதை. பழைய கத்தோலிக்க ஆயர் பதவிகளுக்குப் பெரிய நிலவருமானம் இருந்தது. அதை வாங்க வேண்டுமென்றால் ஆயர் என்று ஒருவர் இருக்கவேண்டும். ஆகவே பெயருக்கு ஒருவரை ஆயராக்குவது. வருமானத்தில் பெரும்பங்கை அவரை நியமித்த பிரபு எடுத்துக்கொள்வது. மக்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் டல்கன் ஆயர்கள். கன்று செத்த பசு பால் கறக்க விடாது. கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்துப் பக்கத்தில் நிறுத்தினால் சுரக்கும். அந்த வைக்கோல் கன்றுதான் டல்கன். போதகர்களுக்குச் சேரவேண்டிய வருமானத்தையும் மார்ட்டன் தானே வசூலித்தார், ஒழுங்காகப் பட்டுவாடா செய்வதாகச் சொல்லி. பிறகு மூன்று நான்கு ஊர்களுக்கு ஒரே போதகர் என்று சேர்த்துச் சம்பளத்தை மிச்சம் பிடித்தார். ஆண்ட்ரூ மெல்வில் என்ற கல்வியாளர் எதிர்த்துப் பேசியபோது, உங்களில் அரை டஜன் பேரைத் தூக்கில் போட்டால்தான் நாட்டில் அமைதி என்றார். மெல்வில், இந்த மிரட்டலை உங்கள் அரண்மனை ஆட்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், நான் காற்றில் அழுகினால் என்ன, மண்ணில் அழுகினால் என்ன என்று பதில் சொன்னதாக மெல்விலின் அண்ணன் மகன் எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது ரீஜென்ட் பதவியின் உள்கட்டமைப்புக்கு வருவோம். முத்திரை, கருவூலம், படை, நியமனங்கள் எல்லாம் ரீஜென்ட் கையில். குழந்தை மட்டும் அவர் கையில் இல்லை. ராஜாவை வளர்க்கும் உரிமை மார் ஏர்லின் எர்ஸ்கின் குடும்பத்துக்கு. இடம் ஸ்டர்லிங் கோட்டை. ஜார்ஜ் புக்கானன் என்ற பெரிய அறிஞர் பிரம்போடு லத்தீன் சொல்லிக்கொடுத்தார். இப்படிப் பிரித்துவைத்தது வேண்டுமென்றேதான்: அதிகாரமும் பிள்ளையும் ஒரே ஆளிடம் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ராஜா 25 வயது முடிவதற்குள், தன் சிறுவயதில் தன் பெயரால் தரப்பட்ட நிலங்களையும் சலுகைகளையும் ரத்து செய்துவிடலாம். அதாவது ரீஜென்ட் கொடுக்கும் எந்தப் பரிசுக்கும் காலாவதித் தேதி இருந்தது. ரீஜென்ட்டின் ஆதரவாளர்கள் மெல்ல நழுவிப்போவதற்கு இதுவே போதும்.

ஸ்டர்லிங்கில் இருந்த பையனோடு மார்ட்டன் ஒட்டவே இல்லை. எனக்கு இதுதான் புரியாத விஷயம். பெரியப்பா விஷயத்தில் நடந்தது தெரிந்தவர், வளர்ந்துகொண்டிருந்த ராஜாவின் அன்பைச் சம்பாதிக்க ஏதும் செய்ததாகத் தெரியவில்லை. மற்றவர்கள் ஸ்டர்லிங் படி ஏறினார்கள். 1578 மார்ச்சில் ஆர்கைல், அதோல் என்ற இரண்டு ஏர்ல்கள் அங்கே போய்த் தங்கள் குறைகளைச் சொல்ல, ஆட்சியை நானே ஏற்கிறேன் என்று ராஜா அறிவித்தார். ராஜாவுக்கு வயது 11. சட்டத்தை நீட்டிப் பார்த்தாலும் அது ஆளும் வயது இல்லை. ஆனால் ராஜாவின் பெயரால் ஆள்பவரை ராஜாவின் பெயராலேயே விலக்கினால் அவரால் என்ன வாதாட முடியும்? மார்ட்டன் சண்டைபோடாமல் மார்ச் 12-ஆம் தேதி விலகினார். லாக்லெவனில் தோட்டப் பாதைகளைச் சமன்செய்துகொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தது.

அது நடிப்பு. ஏப்ரல் கடைசியில், இறந்த ரீஜென்ட் மாரின் மகனான இளைய மார் ஏர்ல் தன் சித்தப்பாவிடமிருந்து ஸ்டர்லிங் கோட்டையைப் பறித்தார். கொஞ்ச நாளில் மார்ட்டன் அரசவையின் தலைமை இடத்தில் உட்கார்ந்திருந்தார். ரீஜென்ட் பட்டம் மட்டும் திரும்பவில்லை.

1579 செப்டம்பரில் பிரான்ஸிலிருந்து எஸ்மே ஸ்டூவர்ட் வந்திறங்கினார், டார்ன்லியின் சித்தப்பா மகன். அப்பா, அம்மா யாரையும் அறியாமல் வளர்ந்த 13 வயதுப் பையனுக்கு முதன்முறையாக அன்பாகப் பேசும் சொந்தக்காரர். ராஜா அவரிடம் மயங்கிப்போனார். அடுத்த வருடமே அவர் லெனக்ஸ் ஏர்ல். மார்ட்டனின் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

1580 டிசம்பர் 31. ஹோலிரூட்டில் அரசவை கூடியிருக்கிறது. கேப்டன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் உள்ளே வந்து ராஜா முன் மண்டியிட்டு, உங்கள் தந்தையைக் கொன்றதில் மார்ட்டனுக்குப் பங்கு உண்டு என்றார். அந்தக் கொலைகாரர்களைத் தேடித் தண்டித்தவனே நான்தான் என்று மார்ட்டன் சீறினார். அப்படியானால் உங்கள் உறவினர் ஆர்ச்சிபால்ட் டக்ளஸை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தது ஏன் என்று வந்தது பதில் கேள்வி. அந்த ஆர்ச்சிபால்ட் கொலை நடந்த இரவு கர்க் ஓ ஃபீல்டில் இருந்தவர். மார்ட்டனுக்கும் பாத்வெல்லுக்கும் நடுவே செய்தி சுமந்ததும் அவரே. மார்ட்டன் கைதானதும் ஆர்ச்சிபால்ட் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். மார்ட்டனைக் காப்பாற்ற எலிசபெத் தூதர் அனுப்பினார், எல்லையில் படையும் சேர்த்தார்; பலிக்கவில்லை.

1581 ஜூன் 1-ஆம் தேதி விசாரணை, அன்றே தீர்ப்பு. கொலைத் திட்டம் தெரிந்தும் மறைத்தார், அதில் பங்கும் கொண்டார் என்றது தீர்ப்பு. பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் மார்ட்டன் கைத்தடியால் தரையைத் தட்டி, இல்லை என்று கடவுளுக்குத் தெரியும் என்றார். மறுநாள் காலை போதகர்கள் அவரிடம், தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். யாரிடம் சொல்வது, ராணியிடமா, செய்வித்தவரே அவர்தானே. டார்ன்லியிடமா, அவனொரு சின்னப்பிள்ளை, எதைச் சொன்னாலும் ராணியிடம் ஒப்பித்துவிடுவான் என்றார். மேரியின் குற்றத்துக்கு இதைச் சாட்சியாகக் கொள்ள நான் தயங்குவேன். சாகப்போகிறவர் என்றாலும் மேரியின் எதிரி. ஆனால் அவர் மௌனத்துக்கு அவரே சொன்ன காரணம் என்ற அளவில் நம்பலாம்.

அன்று மாலை எடின்பரோ சந்தைச் சிலுவை அருகே, மெய்டன் என்ற இயந்திரத்தில் தலை வெட்டப்பட்டது. உயரமான மரச்சட்டம், மேலிருந்து விழும் கனமான கத்தி. பிரெஞ்சு கில்லட்டினுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் இதைப் பார்த்து ஊருக்குக் கொண்டுவந்தவரே மார்ட்டன்தான், தான் கொண்டுவந்ததிலேயே செத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதை அழகு; ஆனால் மெய்டன் 1564-இல் எடின்பரோ நகர நிர்வாகம் செய்வித்தது. இன்று ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மார்ட்டனின் தலை ஒன்றரை வருடம் சிறைக்கட்டடத்தின் உச்சியில் குத்திவைக்கப்பட்டிருந்தது.

குற்றம் சாட்டிய கேப்டன் ஸ்டூவர்ட் அதே வருடம் அரன் ஏர்ல் ஆனார். சில வருடங்களில் அதிகாரம் இழந்து அலைந்தவரை 1595-இல் மார்ட்டனின் உறவினரான ஜேம்ஸ் டக்ளஸ் வழிமறித்துக் கொன்றார். ஜேம்ஸ் ராஜா 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசரானார். 1625-இல் அவர் இறந்தபோது மகன் சார்லஸுக்கு 24 வயது. ஸ்காட்லாந்துக்கு ரீஜென்ட் தேவைப்படவில்லை.